எட்டு மணி நேரம் பார்த்த கண்: காபூல் ட்ரோன் தாக்குதல், 29 ஆகஸ்ட் 2021 – ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஆகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன், காபூல் விமான நிலையத்திலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில் உள்ள ஒரு குடியிருப்பு. வீட்டு முற்றத்துக்குள் வந்து நின்ற வெள்ளை டொயோட்டா கொரோலா கார் மீது அமெரிக்காவின் றீப்பர் ட்ரோன் ஒன்று ஹெல்பயர் ஏவுகணையை விட்டது. பத்துப் பேர் செத்தார்கள். அவர்களில் ஏழு பேர் பிள்ளைகள். காரை ஓட்டி வந்தவர் கலிபோர்னியாவில் தலைமையகம் கொண்ட ஓர் உதவி நிறுவனத்தில் 2006 இலிருந்து வேலை செய்த மின் தொழில்நுட்பர். காரில் இருந்தவை தண்ணீர்க் கான்கள்.

ட்ரோன் போரில் குடிமக்கள் செத்த சம்பவங்கள் நிறைய உண்டு. பாகிஸ்தானின் தத்தா கேலில் 2011 மார்ச் 17 அன்று ஊர்க்கூட்டம் ஒன்றின் மீது ஏவுகணை விழுந்தது. யேமனில் 2013 டிசம்பரில் கலியாண ஊர்வல வாகனங்கள் மீது விழுந்தது. அவற்றை விட்டுக் காபூலை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தச் சம்பவத்தில் தாக்குதலுக்கு முந்திய தீர்மானம், ட்ரோன் எடுத்த படம், இராணுவத்தின் உள் விசாரணை, பத்திரிகை விசாரணை, இறுதித் தண்டனை முடிவு என்று எல்லாக் கட்டமும் ஓரளவுக்கேனும் வெளியே வந்திருக்கின்றன. எங்கே பிழைத்தது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

ஆகாயத்திலிருந்து வரும் சாவைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் நாங்கள் இதுவரை எழுதி வைத்ததெல்லாம் குண்டு விழுந்த பக்கத்துக் கதை. மேலேயிருந்து பார்த்தவர்களின் மேசையில் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் திறக்கப்படாத பக்கம். காபூல் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறது.

ஒரு கார், அறுபது அச்சுறுத்தல்

காபூல் தாக்குதலுக்கு மூன்று நாள் முன்னர், ஆகஸ்ட் 26 அன்று, விமான நிலைய வாயிலில் கூடி நின்ற சனத்துக்குள் ஐ.எஸ். கொராசான் பிரிவின் (இஸ்லாமிய அரசு அமைப்பின் ஆப்கான் கிளை) தற்கொலைக் குண்டுதாரி வெடித்தார். 13 அமெரிக்கப் படையினரும் ஏறத்தாழ 170 ஆப்கானியரும் இறந்தார்கள். அமெரிக்கப் படை முழுவதாக வெளியேறக் குறித்த நாள் ஆகஸ்ட் 31. இடையில் இன்னொரு குண்டு வரும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. விமான நிலையத்தைக் குறிவைத்து 60 க்கும் மேற்பட்ட தெளிவான அச்சுறுத்தல் தகவல்கள் கையில் இருந்ததாக அமெரிக்க இராணுவத்தின் மத்திய கட்டளைப் பீடத் தளபதி ஜெனரல் கென்னத் மெக்கன்ஸி பின்னர் சொன்னார். அவற்றில் ஒன்று, தாக்குதலுக்கு வெள்ளை டொயோட்டா கொரோலா பயன்படலாம் என்பது.

காபூல் தெருக்களில் வெள்ளைக் கொரோலா எத்தனை ஓடுகிறது என்று அந்த நகரத்தை அறிந்த எவரும் சொல்வார்கள். ‘யாழ்ப்பாண பஸ் நிலையப் பக்கம் நீல நிற ஓட்டோவில் குண்டு வருகிறது’ என்று ஒரு தகவல் கிடைத்தால் அதை வைத்து என்ன செய்ய முடியுமோ, அவ்வளவுதான் இதை வைத்தும் செய்யலாம். தகவல் பொய்யல்ல. அடுத்த நாள் காலை, குழாய்கள் பொருத்திய ஒரு கொரோலாவிலிருந்துதான் விமான நிலையத்தை நோக்கி ரொக்கெட்டுகள் ஏவப்பட்டன. தகவல் சரி, கார் வேறு. இந்த விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. உளவுத் தகவல் முழுப் பொய்யாக இருந்து நடந்த கொலையென்றால் கதை இலேசாக முடிந்துவிடும். உண்மையான ஒரு தகவல் பிழையான ஒரு மனிதரில் போய் ஒட்டிக்கொண்டதுதான் இங்கே விளங்க வேண்டியது.

ஒரே பகல், இரண்டு கமரா

அன்று காலை அந்தக் கார், ஐ.எஸ். தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கப்பட்ட ஓர் இடத்தோடு பொருத்திப் பார்க்கப்பட்டது. அங்கிருந்து சுமார் எட்டு மணி நேரம் ட்ரோன்கள் அதைத் தொடர்ந்தன. ஒரு கட்டத்தில் ஆறு றீப்பர்கள் வரை மேலே நின்றன. பிற்பாடு நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர்கள் கூட வேலை செய்தவர்களையும் குடும்பத்தாரையும் விசாரித்து, நிறுவன அலுவலகத்தின் பாதுகாப்புக் கமராப் பதிவுகளை எடுத்து, அதே நாளை நிலத்திலிருந்து மீளக் கட்டினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி வரும்.

காலையில் கார் ஒரு வீட்டில் நிற்கிறது, ஒரு பை ஏறுகிறது. மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது சந்தேக இடமொன்றிலிருந்து பொருள் எடுக்கும் காட்சி. நிலத்தில் அது நிறுவனத்தின் நாட்டுப் பணிப்பாளருடைய வீடு. பைக்குள் இருந்தது மடிக்கணினி. பிறகு கார் பல இடங்களில் நின்று ஆட்களை ஏற்றுகிறது, இறக்குகிறது. மேலே அது ஒரு வலையமைப்பு. கீழே, வேலைக்குப் போகிறவர்களை வழியில் ஏற்றிக்கொண்டு போகும் வழக்கமான பயணம். பிற்பகலில் சில ஆண்கள் பாரமான எதையோ மிகக் கவனமாகத் தூக்கிக் காருக்குள் வைக்கிறார்கள். மேலே, வெடிபொருள். அலுவலகக் கமராவில், இறப்பர்க் குழாயால் பிளாஸ்டிக் கான்களுக்குள் தண்ணீர் நிரப்புவது தெரிகிறது. காரை ஓட்டியவருடைய பகுதியில் தண்ணீர் வரத்து இல்லாததால் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இதில் ஒரு காட்சியைக்கூட ட்ரோன் பிழையாகப் பதிவு செய்யவில்லை. பை பைதான், பாரம் பாரம்தான். நிரம்பிய கானைத் தூக்குகிறவர் கவனமாகத்தான் தூக்குவார். எட்டு மணி நேரத்தில் சேர்ந்த ஒவ்வொரு அவதானிப்பும் தனியே எடுத்தால் எந்தக் குடும்பக்காரருக்கும் பொருந்தும். காலையில் ஒட்டிய முதல் அடையாளத்தை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் சொரிந்து விழும். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. நேரம் கூடக் கூட நம்பிக்கையும் கூடியது, சான்று கூடவில்லை. நீண்ட நேரம் பார்ப்பது பிழையைக் குறைக்கும் என்ற பொது எண்ணம் தவறுகிற இடம் இது. எதைத் தேடுகிறோம் என்று முதலே முடிவாகியிருந்தால், கூடுதல் நேரம் அந்த முடிவுக்குத்தான் தீனி போடும்.

பதினொரு ஆண்டுக்கு முன் இதே பொறிமுறை வேறொரு இடத்தில் வேலை செய்தது. 2010 பெப்ரவரி 21, ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணம். மூன்று வாகனங்களை விடியப்புறத்திலிருந்து ஒரு பிரிடேட்டர் ட்ரோன் தொடர்ந்தது. இயக்குநர்கள் நெவாடாவின் கிரீச் தளத்தில், படம் பார்ப்பவர்கள் புளோரிடாவில். பயணிகள் இறங்கித் தொழுததும் சந்தேகத்துக்குரியதாக எடுக்கப்பட்டது. புளோரிடாவிலிருந்து ‘பிள்ளைகள் தெரிகிறார்கள்’ என்று செய்தி வந்தபோது நெவாடாக் குழு அதை ஏற்கத் தயங்கியது. பிள்ளைகள் மெல்ல மெல்ல ‘வளரிளம் பருவத்தினர்’ ஆனார்கள். வாகனங்கள் அமெரிக்கப் படை நின்ற பக்கத்தை விட்டு விலகித் திரும்பியதுகூடச் சுற்றி வளைக்கும் உத்தியாக வாசிக்கப்பட்டது. ஹெலிகொப்டர்கள் வந்து அடித்தன. அமெரிக்கக் கணக்கில் இறந்தோர் 15 அல்லது 16, ஊர்ப் பெரியவர்களின் கணக்கில் 23. விசாரித்த மேஜர் ஜெனரல் டிமதி மெக்ஹேல், ட்ரோன் குழுவின் அறிக்கையிடல் தவறாக வழிநடத்தியதென்று கடுமையாக எழுதினார். அதாவது 2021 இல் காபூலில் நடந்தது புதிய நோய் அல்ல. நோயறிக்கை பதினொரு ஆண்டாக அலுமாரியில் கிடந்தது.

கருவி என்ன செய்யும், எங்கே கைவிடும்

எம்.கியூ-9 றீப்பர் ஏறத்தாழ 20 மீற்றர் இறக்கை விரிவு கொண்ட விமானம். ஒரு நாளளவு வானில் நிற்கக்கூடியது. மூக்குக்குக் கீழே சுழலும் உருண்டையில் பகல் கமரா, அகச்சிவப்புக் கமரா, லேசர் மூன்றும் இருக்கும். ஓட்டுநர் ஒருவர், கமராவையும் லேசரையும் பிடிப்பவர் இன்னொருவர். அவர்களோடு தகவல் ஒருங்கிணைப்பாளர் ஒருவர். படம் செய்மதி வழியாகப் போவதால் திரையில் தெரிவது இந்தக் கணம் அல்ல, ஓரிரு விநாடி பழையது. ஓட்டுநரின் கட்டளையும் அதே வழியால் திரும்பிப் போக வேண்டும்.

கமராவைக் கிட்ட இழுத்தால் காரின் கதவு தெரியும், பக்கத்து ஒழுங்கை தெரியாது. தூரத் தள்ளினால் ஒழுங்கை தெரியும், ஆள் புள்ளியாகிவிடுவார். சுடுகிற நேரத்தில் கிட்ட இழுத்துத்தான் வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் இருப்பவர், கூரைக்குக் கீழே நிற்பவர், கேற்றுக்குப் பின்னால் காத்து நிற்கும் பிள்ளை, இவர்கள் எந்த உருப்பெருக்கத்திலும் தெரியமாட்டார்கள். அகச்சிவப்பு உடற்சூட்டைக் காட்டுமே ஒழிய வயதைக் காட்டாது. குனிந்திருக்கும் பெரியவரும் நிற்கும் பிள்ளையும் ஒரே அளவு வெள்ளைத் திட்டு.

ஹெல்பயர் ஏவுகணை ஏறத்தாழ 49 கிலோ, அதில் வெடிமுனை 9 கிலோ அளவு. ஆறு, எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலிருந்து விட்டால் இலக்கைச் சேர அரை நிமிடம் போல எடுக்கும். அது லேசர் புள்ளியைப் பின்தொடர்வதால், ஏவிய பிறகும் லேசரை வெறும் நிலத்துக்கு நகர்த்தி ஏவுகணையைத் திருப்பிவிடலாம். இப்படித் திருப்புவது பயிற்சியிலேயே உள்ள ஒன்று. ஆனால் திருப்ப வேண்டுமென்றால் யாராவது இலக்கை விட்டு விளிம்புகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தவர் சொல்லி, கேட்டவர் கையசைக்க வேண்டும். அதற்குள் ஓரிரு விநாடித் தாமதமும் கழியும். கடைசிப் பத்து விநாடியில் முற்றத்துக்கு ஓடி வரும் பிள்ளையைக் காப்பாற்ற இந்த வசதி பெரும்பாலும் உதவாது.

காபூலில் நடந்தது அதைவிட மோசம். கார் ஓடும்போது அடித்தால் தெருவில் போகிறவர்களும் சாவார்கள் என்று, நின்ற பிறகு அடிக்கத் தீர்மானித்தார்கள். கணக்கு சரியான கணக்குத்தான். ஆனால் கார் போய் நின்ற இடம் வீட்டு முற்றம். தகப்பன் வேலையால் வரும் நேரம் பிள்ளைகள் எங்கே ஓடி வருவார்கள் என்று அறிவதற்கு உளவுத்துறை தேவையில்லை. ஏவுவதற்கு இரண்டு நிமிடம் முன்னரான படத்தில் ஒரு பிள்ளை தெரிந்ததாக விசாரணை சொன்னது. தேடிப் பார்த்தால்தான் புலப்படும், சட்டெனத் தெரியாது என்று விசாரித்தவர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கமே குற்றச்சாட்டும் ஆகும். ஆறு ட்ரோன் மேலே நிற்க, பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் தேடுவது ஒருவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

‘நியாயமான நிச்சயம்’

பயங்கரவாத எதிர்ப்புத் தாக்குதல்களுக்கு ஒபாமா நிர்வாகம் 2013 மே மாதத்தில் வகுத்த வழிகாட்டலில், போர்க்களங்களுக்கு வெளியே அடிக்கும்போது குடிமக்கள் சாகவோ காயப்படவோ மாட்டார்கள் என்பதில் ஏறக்குறைய முழு நிச்சயம் வேண்டும் என்று இருந்தது. காபூல் தாக்குதல் அந்த வரிசையில் வரவில்லை. அது உடனடி ஆபத்தைத் தடுக்கும் தற்காப்புத் தாக்குதல் என்று வகைப்படுத்தப்பட்டது. அதற்குக் கேட்கப்பட்ட அளவுகோல் ‘நியாயமான நிச்சயம்’. நாட்கணக்கில் தயார் செய்து, சட்ட ஆலோசகரும் இலக்கு ஆய்வாளரும் சுற்றுக்கு விட்டுப் பார்க்கும் நடைமுறை இதற்கு இல்லை. தாக்குதல் குழுவின் தளபதியே முடிவெடுக்கலாம்.

ஒரு தாக்குதலை எந்தப் பெட்டிக்குள் போடுகிறார்கள் என்பதே எத்தனை சாவு ஏற்கத்தக்கது என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. எட்டு மணி நேரம் பின்தொடர்ந்த ஒன்று எப்படி உடனடித் தற்காப்பு ஆகும் என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் எங்கும் இல்லை. ஒருபக்கம், அடித்தே ஆக வேண்டுமென்ற அவசரம் இருந்தது. இன்னொரு பக்கம், பார்த்துக்கொண்டே இருக்க நேரமும் இருந்தது. இந்த இரண்டும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977 ஆம் ஆண்டின் முதலாம் மேலதிக நெறிமுறையின் 50 ஆவது உறுப்புரை, சந்தேகம் இருந்தால் அவரைக் குடிமகனாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 57 ஆவது உறுப்புரை, இலக்கு இராணுவ இலக்குத்தான் என்று சரிபார்க்க இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது. அமெரிக்கா இந்த நெறிமுறையை ஏற்று உறுதிப்படுத்தியதில்லை, இலங்கையும் இல்லை. ஆனாலும் இவற்றின் மையப் பகுதி எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டம் என்பதே செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலைப்பாடு. சந்தேகம் இருந்தால் குடிமகன் என்ற கொள்கையை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் போர்ச் சட்டக் கைநூலில் தெளிவாக எழுதிக்கொண்டது 2023 ஜூலையில். காபூல் நடந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்குப் பிறகு.

முதல் அறிக்கையிலிருந்து கடைசி முடிவு வரை

தாக்குதல் நடந்த அன்றே வந்த அறிக்கை, குடிமக்கள் இறந்ததற்கான அறிகுறி இல்லை என்றது. பெரிய இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது, ஆகவே காருக்குள் வெடிபொருள் நிறைய இருந்தது என்றும் சொன்னது. செப்டெம்பர் 1 அன்று கூட்டுப் படைத் தலைவர் ஜெனரல் மார்க் மில்லி அதை ‘நேர்மையான தாக்குதல்’ என்றார். நடைமுறைகள் சரியாகப் பின்பற்றப்பட்டன என்றார்.

செப்டெம்பர் 10 அன்று நியூயோர்க் டைம்ஸ் விசாரணை வெளிவந்தது. இரண்டாவது வெடிப்பை அவர்கள் மறுத்த விதம் எங்கள் ஊடகக்காரர் கற்றுக்கொள்ள வேண்டியது. முற்றத்துச் சுவர்கள் நின்றன. கேற்றில் ஒரு நெளிவுதான். இரண்டாவது குழி இல்லை. கார் நிறைய வெடிபொருள் வெடித்திருந்தால் இவை இப்படி இருக்க வழியில்லை. காருக்குப் பக்கத்தில் இருந்த எரிவாயு சிலிண்டர் தீப்பிடித்திருக்கலாம் என்று இராணுவமே பிறகு சொன்னது.

செப்டெம்பர் 17: மெக்கன்ஸி தவறை ஒப்புக்கொண்டார். நவம்பரில் விமானப்படைப் பொது ஆய்வாளர் லெப்டினன்ட் ஜெனரல் சமி சையத்தின் ஆய்வு முடிந்தது. போர்ச் சட்டம் மீறப்படவில்லை. முதலில் நம்பியதையே உறுதிப்படுத்தும் மனச்சாய்வும் தொடர்பாடல் குறைபாடும் சேர்ந்து தவறு நேர்ந்தது என்பது அவருடைய முடிவு. மூன்று பரிந்துரைகள் செய்தார்: தாக்குதல் அறைக்கும் மற்றப் பிரிவுகளுக்கும் இடையே தகவல் சீராகப் போக வேண்டும், மறுத்துக் கேள்வி கேட்பதையே வேலையாகக் கொண்ட தனிக் குழு வேண்டும், குடிமக்கள் இருக்கிறார்களா என்று பார்க்கும் முன்நடைமுறை திருத்தப்பட வேண்டும். டிசம்பரில் பாதுகாப்புச் செயலர் லொயிட் ஒஸ்ரின், எவர் மீதும் ஒழுக்காற்று நடவடிக்கை இல்லை என்ற சிபாரிசை ஏற்றார்.

இத்தோடு நின்றிருந்தால், போர்ச் சூழலில் நேர்ந்த நேர்மையான பிழை என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் நியூயோர்க் டைம்ஸ், அமெரிக்காவின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. 2022 ஜனவரியில் இரண்டு ட்ரோன்களின் 25 நிமிடமளவான படம் வெளியே வந்தது. 2023 ஜனவரியில், தணிக்கை செய்யப்பட்ட மத்திய கட்டளைப் பீட விசாரணைக் கோப்பு வந்தது. அதில் இருந்தது இதுதான்: குடிமக்கள் இறந்திருக்கலாம் என்று படம் பார்த்த ஆய்வாளர்கள் சில நிமிடங்களுக்குள்ளேயே அறிவித்திருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள், குறைந்தது மூன்று பிள்ளைகள் இறந்தார்கள் என்ற மதிப்பீடு உள்ளுக்குள் இருந்தது. ‘நேர்மையான தாக்குதல்’ என்ற பேச்சு அதற்கு மூன்று நாள் பிந்தியது.

முடிவெடுத்த கணத்துப் பிழைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதுக்கு அவசரம், அச்சம், மங்கலான படம் என்று காரணம் சொல்லலாம். பின்னதுக்கு ஒரு காரணமும் இல்லை. படம் சொன்னது, கேட்டவர்கள் வெளியே வேறு சொன்னார்கள். ட்ரோன் போரின் அறத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்திலிருந்து பொத்தான் அமுக்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பீரங்கிக்காரரும் தூரத்திலிருந்துதான் அடிக்கிறார். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. புதிது என்னவென்றால், இந்த ஆயுதம் அடிக்கும்போது தன் சாட்சியையும் கூடவே கொண்டு வருகிறது. முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று மணிக்கணக்காகப் பதிந்த ஒரு சாட்சி. அதைப் பூட்டி வைப்பவரும் அடித்தவரும் ஒருவரே.

‘ட்ரோன் என்றால் குறைவாகச் சாவார்கள்’

இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. அதில் உண்மை இருக்கிறது. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மீது இலங்கை விமானப்படை போட்ட குண்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விமானத்துக்குக் கீழே யார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் வசதி இல்லை. 9 கிலோ வெடிமுனையோடு, மணிக்கணக்காகப் பார்த்துவிட்டு அடிக்கும் ஆயுதத்தையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒரு இலக்கை அடித்தே தீர வேண்டும் என்றால், 250 கிலோ குண்டைவிட ஹெல்பயர் மேல்.

வாதம் சறுக்குவது ‘அடித்தே தீர வேண்டும் என்றால்’ என்ற இடத்தில். குறைந்த சேதம் என்ற நம்பிக்கை அடிக்கும் எண்ணிக்கையைக் கூட்டும். பெரிய குண்டு மட்டும் கையில் இருந்தால் அந்த முற்றத்தில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். சோதனைச் சாவடியில் மறித்துப் பார்க்கவோ வேறு வழி தேடவோ வேண்டியிருக்கும். அதோடு, குறைவாகச் சாகிறார்கள் என்று எப்படித் தெரியும்? செத்தவர்களை யார் எண்ணுகிறார்கள்? காபூலில் முதல் அறிக்கையின் எண்ணிக்கை பூச்சியம். அது நகரம், அன்று உலகம் முழுவதும் காபூலைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் பத்து என்று திருந்தியது. பாகிஸ்தானில் வசீரிஸ்தானின் ஒரு மலைக்கிராமத்தில் அதே பூச்சியம் பூச்சியமாகவே கிடக்கும்.

வன்னியின் மேலே இருந்த கமரா

வன்னியில் ‘வண்டு’ என்று சனம் சொன்ன வேவு விமானம் ஆயுதம் ஏந்தியதல்ல. இலங்கை விமானப்படையின் இஸ்ரேலியத் தயாரிப்பு ஆளில்லா விமானங்கள் படம் மட்டும் எடுத்தன. அடித்தவை கிபீர் போர் விமானமும் பீரங்கியும் பல்குழல் எறிகணையும். தொழில்நுட்பமாக இது காபூல் அல்ல. ஒத்திருப்பது ஒன்றுதான்: கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கிற கண் மேலே நின்றது.

2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பு வலயத்துக்குள்ளும், பெப்ரவரியில் புதுமாத்தளன் பக்கத்துக் கரையோரமாக அறிவிக்கப்பட்ட இரண்டாவதற்குள்ளும், மே மாதத்து மூன்றாவதற்குள்ளும் எறிகணை விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 மார்ச் அறிக்கையில், ஐ.நா. மையத்தின் மீதும் உணவு விநியோக வரிசைகள் மீதும் காயக்காரரை ஏற்ற வந்த செஞ்சிலுவைக் கப்பல்களுக்கு அண்மையிலும் அரச படை எறிகணை வீசியதென்றது. விளைவைத் தன் சொந்த உளவு அமைப்புகள் மூலமும் ஐ.நா., செஞ்சிலுவைச் சங்க அறிவிப்புகள் மூலமும் அறிந்திருந்தும் அப்படிச் செய்தது என்றும் எழுதியது. அதே அறிக்கை விடுதலைப் புலிகள் சனத்தைப் போகவிடாமல் வைத்திருந்ததையும், தப்பிப் போக முயன்றவர்களைச் சுட்டதையும், சனத்துக்கு அண்மையில் ஆயுதம் வைத்து அடித்ததையும் பதிந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது ஆய்வு ஆகாது.

இனி, படத்துக்கு வருவோம். 2009 ஏப்ரல் 20 அன்று மண் அணை உடைந்து பல்லாயிரம் பேர் படைப் பக்கம் வந்த காட்சியை அரசாங்கமே உலகத்துக்குக் காட்டியது. ஆளில்லா விமானம் எடுத்த படம். ஆட்கள் எறும்புச் சாரையாகத் தெரிந்தார்கள். ஆகவே படம் இருந்தது, ஆட்கள் தெரியும் அளவுக்குத் தெளிவாகவும் இருந்தது. காட்டத் தேர்ந்தெடுத்த நாள் காட்டப்பட்டது. மற்ற நாட்களின் பதிவு, ஜனவரி முதல் மே வரையானது, இன்றுவரை பொதுவெளியில் இல்லை. குடிமக்கள் மீது அடிக்கவில்லை என்பது அரசாங்கத்தின் உறுதியான நிலைப்பாடு என்றால், அதை நிரூபிக்க உலகத்திலேயே சிறந்த சான்று அதன் சொந்தக் களஞ்சியத்தில்தான் இருக்க வேண்டும்.

செய்யக்கூடியது

ஒரு வான் தாக்குதல் பற்றி எந்தத் தரப்பு எதைச் சொன்னாலும், நிலத்தில் பார்க்க வேண்டியவை அதிகம் மாறாது. குழி எத்தனை, ஆழமும் அகலமும் எவ்வளவு. சுவர் எந்தப் பக்கம் சரிந்தது. சிதறல் அடையாளம் எந்தத் திசைக்கு. எரிந்த இடம் எங்கே முடிகிறது. படம் எடுக்கும்போது அளவுக்கு ஒரு பொருளை, குறைந்தது ஒரு கொப்பியையாவது, பக்கத்தில் வைக்க வேண்டும். தொலைபேசியில் எடுத்த மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நேரமும் இடமும் உள்ள உட்தகவல் கழன்றுபோகும். மூலத்தை அப்படியே வேறாகப் பிரதி எடுக்க வேண்டும். ஏவுகணைத் துண்டைக் கையால் எடுக்கக் கூடாது. வெடிக்காத பகுதி இருக்கலாம். காபூலில் கடை, அலுவலகக் கமராப் பதிவுகளே கதையை மாற்றின. அவை பல இடங்களில் ஒரு சில நாட்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும். ஆகவே முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும்.

பழைய சம்பவங்களுக்கு வழி வேறு. இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். பிரஜை எவரும் கேட்கலாம், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. பிரிவு 5 இல் தேசியப் பாதுகாப்பு விலக்கு இருக்கிறது. வன்னிப் படம் கேட்டால் அதைத்தான் நீட்டுவார்கள். அதே பிரிவில், பொது நலன் மேலோங்கினால் விலக்கையும் மீறித் தகவல் கொடுக்கலாம் என்ற ஏற்பாடும் இருக்கிறது.

ஆகவே முதல் விண்ணப்பத்தில் படத்தைக் கேட்பது புத்தியல்ல. பட்டியலைக் கேட்க வேண்டும். 2009 ஜனவரி 1 முதல் மே 19 வரை ஆளில்லா விமானங்கள் எத்தனை முறை, எத்தனை மணி நேரம் பறந்தன. பதிவுகள் எந்த வடிவத்தில் உள்ளன. எந்தப் பிரிவின் பொறுப்பில் உள்ளன. ஏதாவது அழிக்கப்பட்டிருந்தால் எந்தத் திகதியில், யாருடைய அனுமதியோடு. ஒரு போர் முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகு, பறந்த மணித்தியால எண்ணிக்கை தேசியப் பாதுகாப்பைக் குலைக்கும் என்று வாதாடுவது படத்தை மறுப்பதைவிடக் கடினம். பட்டியல் வந்தால் குறித்த ஒரு நாளை, குறித்த ஓர் இடத்தை வைத்து இரண்டாவது விண்ணப்பம் போடலாம். ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதில் வந்தால் அதுவும் எழுத்தில் இருக்கும்.

காலக்கெடு ஒன்றும் உண்டு. அந்தச் சட்டத்தின் பிரிவு 7, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவேடுகளை அத்திகதியிலிருந்து குறைந்தது பத்து ஆண்டு பேண வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. பத்து ஆண்டு 2027 பெப்ரவரியில் முடிகிறது. விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும்வரை, அதில் கேட்கப்பட்ட பதிவை அழிக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டையும் அலுவலகம் தரும் கிடைப்பனவுக் கடிதத்தையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். திகதி அந்த இரண்டிலும்தான் இருக்கும்.